பொலினீசியக் கடலோடிக் கலங்களும் அவற்றின் பாய்களும்: ஒரு திறனாய்வு

பசிபிக் பெருங்கடலில் ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூய் எனப்படும் ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பெரும் முக்கோணப் பரப்பு பொலினீசியா என அழைக்கப்படுகிறது. ஐரோப்பியர் இக்கடலுக்குள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இதில் வாழத்தக்க தீவுகள் ஏறத்தாழ அனைத்திலும் மக்கள் குடியேறியிருந்தனர். அவர்களிடம் இரும்பு இல்லை, திசைகாட்டி இல்லை, எழுத்தும் இல்லை. கல்லாலும் சிப்பியாலும் செதுக்கிய மரம், தென்னை நார்க் கயிறு, தாழை ஓலையில் முடைந்த பாய் ஆகியவற்றைக் கொண்டே அவர்களது கலங்கள் கட்டப்பட்டன.

இக்கலங்கள் எவ்வாறு இருந்தன, எவ்வளவு தொலைவு ஓடின, திட்டமிட்டு ஓடினவா, தற்செயலாக அடித்துச் செல்லப்பட்டனவா என்ற கேள்விகள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. இவ்விவாதத்தின் முக்கிய நிலைப்பாடுகளை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கலத்தையும் பாயையும் பற்றி நேரடியாகத் தெரிந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தவறியதே இவற்றுள் பலவற்றின் பொதுக் குறை என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

கலங்களின் அமைப்பு

பொலினீசிய மொழிகளில் கலத்துக்கு வாக்கா, வாகா, வாஆ என ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் வழங்குகின்றன. இக்கலங்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒரே உடலும் அதன் ஒரு பக்கத்தில் குறுக்குக் கழிகளால் இணைத்த மிதவைக் கட்டையும் கொண்ட பக்கமிதவைக் கலம். ஒடுங்கிய உடல் கவிழாமல் இருக்க மிதவை உதவுகிறது. இரண்டாவது, இரண்டு உடல்களை இணையாக வைத்து, குறுக்குக் கழிகளால் பிணைத்து, மேலே மேடை அமைத்த இரட்டைக் கலம். மக்கள், விலங்குகள், நாற்றுகள், குடிநீர் என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும் குடியேற்றப் பயணங்களுக்கு இரட்டைக் கலமே ஏற்றது என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கட்டுமானத்தில் ஆணிக்கு இடமில்லை. குடைந்த அடிமரத்தின் மேல் பலகைகளை வைத்து, ஓரங்களில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்தனர். சோழமண்டலக் கரையில் அலை மீறிச் செல்லப் பயன்பட்ட மசூலாப் படகும் இவ்வாறே கயிற்றால் தைக்கப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம். தைத்த கலம் அலையின் அழுத்தத்துக்குச் சற்று வளைந்து கொடுக்கும். விறைப்பான கலம் பிளக்கும் இடத்தில் இது தாங்கும். ஆனால் கயிறு தளரும். பலகைச் சந்துகளில் நீர் கசியும். நெடும்பயணத்தில் நீர் இறைப்பது ஓயாத வேலையாக இருந்திருக்க வேண்டும். கலத்தின் திறனைப் பற்றிப் பேசும் நூல்கள் பல இந்த அன்றாட உழைப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

பாய்

தமிழில் படுக்கும் விரிப்புக்கும் கப்பலின் காற்றுத்துணிக்கும் பாய் என்பது ஒரே சொல். பொலினீசியாவில் இவ்விரண்டும் பொருளளவிலும் ஒன்றே. தாழை ஓலையைப் பதப்படுத்தி, கீறி, முடைந்து, அந்த முடைச்சல்களை ஒன்றோடொன்று தைத்துப் பாய் செய்தனர். தாழை வளராத குளிர்நிலமான நியூசிலாந்தில் மாவோரி மக்கள் ஹரகெகே என்னும் நார்ச்செடியின் இலைகளைப் பயன்படுத்தினர்.

பாயின் வடிவம் தீவுக்குத் தீவு வேறுபட்டது. நண்டின் கொடுக்குப் போல இரு கழிகளுக்கிடையே விரிந்து மேற்புறம் குழிந்த பாய் பரவலாக அறியப்பட்டது. இதனை ஆங்கிலத்தில் நண்டுக்கொடுக்குப் பாய் என்ற பொருளிலேயே அழைக்கின்றனர். ஆனால் இப்பெயர் ஒன்றுக்கொன்று வேறான பல அமைப்புகளை ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. ஹவாயிலும் தாகித்தியிலும் பாய்மரம் கலத்தில் நிலையாக நின்றது. கலத்துக்கு அணியமும் அமரமும் மாறுவதில்லை. எதிர்காற்றில் செல்லும்போது கலத்தைத் திருப்பி மறுபக்கக் காற்றில் ஓட்டினர். பிஜியின் துருவா என்னும் பெருங்கலத்தில் நிலைமை வேறு. அதன் இரு உடல்களுள் ஒன்று பெரியது, மற்றது சிறியது. சிறிய உடல் எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். எனவே கலம் திரும்புவதில்லை. பாயின் கீழ்முனையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தூக்கிச் செல்வார்கள். அணியம் அமரமாகும், அமரம் அணியமாகும். கனமான பருமலோடு கூடிய பாயை ஓடும் கடலில் இப்படி மாற்றுவதற்கு ஆள்பலமும் பழக்கமும் தேவை.

இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் அன்று. 1616இல் ஸ்கௌட்டன், லெ மேர் ஆகிய டச்சு மாலுமிகள் கண்ட தொங்கியாக்கி என்னும் தொங்கா நாட்டு இரட்டைக் கலத்தில் இரு உடல்களும் ஏறத்தாழச் சமமானவை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிஜியின் துருவா முறை தொங்காவுக்குப் பரவி, காலியா என்ற பெயரில் பழைய தொங்கியாக்கியின் இடத்தைப் பிடித்தது. அதாவது, ஐரோப்பியர் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே கலமும் பாயும் மாறிக்கொண்டிருந்தன. ‘மரபான பொலினீசியக் கலம்’ என்று காலம் கடந்த ஒரே வடிவம் இருந்ததில்லை.

சான்றுகளின் அளவு

இவ்விவாதத்தை மதிப்பிடுவதற்கு முன் கையில் உள்ள நேரடிச் சான்று எவ்வளவு குறைவு என்பதை உணர வேண்டும். மரமும் ஓலையும் ஈர வெப்பநிலத்தில் நிலைப்பதில்லை. தாகித்திக்கு அருகில் உள்ள ஹுவாஹினே தீவில் 1970களில் யொசிஹிகோ சினோதோ நடத்திய அகழாய்வில் சேற்றில் புதைந்த கலப்பலகைகளும் சுக்கான் துடுப்பும் கிடைத்தன. நியூசிலாந்தின் அனவேக்கா கழிமுகத்தில் 2012இல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள கலப்பகுதி ஒன்று வெளிப்பட்டது. அதில் கடலாமை உருவம் செதுக்கப்பட்டிருந்தது. அக்கலம் சுமார் 1400ஆம் ஆண்டளவில் கடைசியாகப் பயன்பட்டது என 2014இல் வெளியான ஆய்வு கூறியது.

பாயைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். பழைய மாவோரிப் பாய்களுள் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுவது ஒன்றே ஒன்று. தெ ரா எனப்படும் அது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 2023இல் இரவலாக நியூசிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் ஓரங்களில் இறகு அலங்காரமும் கொண்ட இப்பாயும் குடியேற்றக் காலத்தைச் சேர்ந்ததன்று.

இன்று ஏற்கப்படும் காலவரிசைப்படி தொங்காவிலும் சமோவாவிலும் மக்கள் ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் குடியேறினர். அதன்பின் நீண்ட இடைவெளி. கி.பி. 1000க்குப் பின் சில நூற்றாண்டுகளுக்குள் தாகித்தி, மார்க்கேசசு, ஹவாய், ராப்பா நூய், நியூசிலாந்து என எல்லாத் திசைகளிலும் குடியேற்றம் நிறைவேறியது. ஐரோப்பிய ஓவியர் வரைந்த கலங்களோ இதற்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவை. இந்த ஐந்நூறு ஆண்டு இடைவெளியை எவர் எப்படி நிரப்பினார் என்பதே பின்வரும் நூல்களையும் பயணங்களையும் மதிப்பிடும் அளவுகோல்.

குக் விட்டுச்சென்ற இரு குறிப்புகள்

1769இல் தாகித்தியில் துபாயா என்னும் அறிஞர் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் சேர்ந்தார். சுற்றியுள்ள பல தீவுகளின் பெயர்களைச் சொன்னார். அவரது அறிவைக் கொண்டு வரையப்பட்ட படத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகள் இடம்பெற்றன. கிழக்கிலிருந்து வீசும் வழக்கமான காற்றுக்கு எதிராகக் கிழக்கே எப்படிச் செல்ல முடியும் என்ற கேள்விக்கு, நவம்பர் முதல் ஜனவரி வரை மேற்குக் காற்று வீசும் என்பதையே துபாயா விடையாகச் சொன்னார். குக் இதைக் குறித்து வைத்தார்.

1777இல் குக் அத்தியு தீவை அடைந்தபோது, தாகித்தியிலிருந்து புறப்பட்டு வழிதவறி அங்கே கரைசேர்ந்த சிலர் வாழ்ந்துவருவதை அறிந்தார். தீவுகள் தற்செயலாகவும் மக்களைப் பெற்றிருக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து எழுந்தது. பிற்கால விவாதத்தின் இரு கட்சிகளுக்கும் தேவையான சான்று குக்கின் பயணக் குறிப்புகளிலேயே உள்ளது. எவர் எந்தக் குறிப்பைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் வேறுபாடு.

ஹெயர்டால்: கலத்தை மாற்றி வைத்த வாதம்

நார்வே நாட்டைச் சேர்ந்த தோர் ஹெயர்டால் பொலினீசியாவின் முதற்குடியேறிகள் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் எனக் கருதினார். 1947 ஏப்ரல் 28 அன்று ஐந்து தோழர்களுடன் பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து பால்சா மரத் தெப்பமான கோன்-டிக்கியில் புறப்பட்டார். 101 நாட்களுக்குப் பின், ஆகஸ்ட் 7 அன்று துவாமோத்துத் தீவுக்கூட்டத்தின் ராரோயாவில் கரைமோதினார்.

பயணத்தின் துணிவை மறுக்க முடியாது. ஆனால் அது எதை நிறுவியது? பெருவிலிருந்து ஒரு தெப்பம் காற்றோடும் நீரோட்டத்தோடும் மேற்கே மிதந்துவர முடியும் என்பதை மட்டுமே. அதுவும் கரையோர நீரோட்டத்தைக் கடக்கக் கடற்படைக் கப்பலொன்று தெப்பத்தை முதலில் இழுத்துச் சென்று விட்ட பிறகு. பொலினீசியரின் மொழிகள் மேற்கே தென்கிழக்கு ஆசியாவரை பரந்த ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர்களுடைய பன்றி, நாய், கோழி, சேம்பு, ஈரப்பலா எல்லாம் மேற்கிலிருந்து வந்தவை. ஹெயர்டாலின் கோட்பாடு இவற்றை விளக்கவில்லை.

கலத்தைப் பொறுத்தவரை அவரது வாதத்தின் குறை இன்னும் ஆழமானது. பொலினீசியரின் கலம் எதிர்காற்றில் ஓரளவு ஏறிச்செல்லும் கலம். அதை ஒதுக்கிவிட்டு, காற்றோடு செல்லும் தெப்பத்தைக் கொண்டு அவர்களின் வரலாற்றை விளக்க முயன்றார். மேலும், நாகரிகத்தைக் கொண்டுவந்தவர்கள் தாடி வைத்த வெள்ளை இனத்தவர் என்ற அவரது கருத்து, தீவு மக்களின் சாதனையை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தது.

எனினும் ஒரு செய்தியை நேர்மையாகச் சேர்க்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்காவுக்கு உரியது. அது ஐரோப்பியருக்கு முன்பே பொலினீசியாவில் இருந்தது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, சுமார் 1200ஆம் ஆண்டளவில் பொலினீசியருக்கும் தென்னமெரிக்கப் பழங்குடியினருக்கும் இடையே தொடர்பு நிகழ்ந்ததைக் காட்டியது. தொடர்பு உண்டு என்பதில் ஹெயர்டால் முழுதும் தவறவில்லை. ஆனால் யார் யாரிடம் சென்றார்கள் என்பதை மரபணு சொல்வதில்லை. திரும்பி வரத்தக்க கலங்கள் யாரிடம் இருந்தன என்று கேட்டால் பலரும் பொலினீசியர் பக்கமே சாய்கின்றனர்.

ஷார்ப்: தேவையான சந்தேகம், தவறான முடிவு

நியூசிலாந்து வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ப் 1956இல் ‘ஏன்ஷியன்ட் வாயேஜர்ஸ் இன் தி பசிபிக்’ என்ற நூலை வெளியிட்டார். அதற்கு முன் பொலினீசியக் கடலோடிகள் பற்றி எழுதியவர்கள் பிற்காலத்தில் எழுதப்பட்ட வாய்மொழிக் கதைகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டிருந்தனர். ஷார்ப் இதை மறுத்தார். கருவிகள் இல்லாமல் ஏறத்தாழ 300 மைலுக்கு மேல் திட்டமிட்டுச் சென்று திரும்ப முடியாது என்றும், தொலைதூரத் தீவுகளுக்கு மக்கள் புயலால் அடித்துச் செல்லப்பட்டோ ஊரைவிட்டு வெளியேறியோ சென்று சேர்ந்தனர் என்றும் வாதிட்டார்.

இந்நூலை இன்று எளிதாகப் புறந்தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமன்று. கதையையும் சான்றையும் பிரித்துப் பார்க்குமாறு கேட்டவர் அவர். அவரது கேள்வியே பின்வந்த கள ஆய்வுகளைத் தூண்டியது. அவரது பிழை வேறிடத்தில் உள்ளது. அவர் நூல்களைப் படித்தார்; அக்கலங்களில் ஏறி ஓடியவர்களிடம் கேட்கவில்லை. கருவி இல்லையென்றால் அறிவும் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

தற்செயல் கோட்பாடு 1973இல் கணக்கால் சோதிக்கப்பட்டது. லெவிசன், வார்ட், வெப் ஆகிய மூவரும் காற்று, நீரோட்டத் தரவுகளைக் கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மிதவைப் பயணங்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்தனர். அருகருகே உள்ள தீவுகளுக்கு மிதந்து செல்வது இயல்பாக நிகழ்ந்தது. ஆனால் ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூய் ஆகிய மூன்று முனைகளையும் மிதந்தே அடைவதற்கான வாய்ப்பு இல்லை எனும் அளவுக்குக் குறைந்தது. எவரோ திசை வைத்து ஓட்டியிருக்க வேண்டும்.

லூயிஸ்: மாலுமிகளிடம் கேட்டவர்

டேவிட் லூயிஸ் மருத்துவர், கடலோடி. 1972இல் வெளியான அவரது ‘வீ, தி நேவிகேட்டர்ஸ்’ இவ்விவாதத்தில் தனியிடம் பெறுகிறது. ரீஃப் தீவுகளைச் சேர்ந்த தெவாக்கே, கரோலின் தீவுகளின் புலுவாட்டைச் சேர்ந்த ஹிப்பூர் முதலிய மாலுமிகளுடன் அவர் கடலில் சென்றார். அவர்கள் வழிகாட்ட, அவர் கருவிகளைத் தொடாமல் குறிப்பெடுத்தார். அடிவானத்தில் விண்மீன்கள் எழும் இடமும் விழும் இடமும், கலத்தின் அடியில் குறுக்கிடும் அலைகளின் போக்கு, மாலையில் கூடு திரும்பும் பறவைகள், தீவின் மேல் தேங்கும் மேகம் ஆகியவற்றைக் கொண்டு வழி கணிக்கும் முறையை விரிவாக எழுதினார்.

நூலின் வலிமை அதன் பணிவு. ஆசிரியர் தம்மை மாணவராக வைத்துக்கொள்கிறார். ஆனால் ஒரு வரம்பும் உண்டு. அவரது முதன்மை ஆசான்களுள் பலர் மைக்ரோனேசியர்; பொலினீசியர் அல்லர். இருவருக்கும் பொதுவான மூதாதை மரபு இருந்ததால் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் அது ஊகமே. வழி காணும் அறிவைப் பற்றி இந்நூல் சொல்வதை விடக் கலத்தையும் பாயையும் பற்றிச் சொல்வது குறைவு என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஹோகுலேயா: பயணமும் அதன் பொருளும்

மானிடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, கடலோடி டாமி ஹோம்ஸ் ஆகியோர் 1973இல் பொலினீசியக் கடற்பயணச் சங்கத்தை நிறுவினர். அவர்கள் கட்டிய இரட்டைக் கலமான ஹோகுலேயா 1975 மார்ச் 8 அன்று நீரில் இறங்கியது. நீளம் ஏறத்தாழ 19 மீட்டர். தமிழில் சுவாதி எனப்படும் விண்மீனின் ஹவாய்ப் பெயர் அது. ஹவாயின் உச்சிவானில் கடந்து செல்லும் விண்மீன்.

1976 மே 1 அன்று மாவுயி தீவிலிருந்து புறப்பட்ட கலம் ஜூன் 4 அன்று தாகித்தியின் பப்பேத்தே துறைமுகத்தை அடைந்தது. ஹவாயில் மரபுவழி காணும் மாலுமி எவரும் எஞ்சியிராததால், கரோலின் தீவுகளின் சதவாலைச் சேர்ந்த மாவ் பியாலுக் வழிகாட்டினார். பப்பேத்தே கரையில் பல்லாயிரம் மக்கள் திரண்டனர். தாத்தன் பாட்டன் கலத்தைப் பற்றிப் பாட்டிலும் கதையிலும் மட்டுமே கேட்டிருந்தவர்கள் அவர்கள்.

அறிவியல் சோதனையாக இப்பயணத்தை மதிப்பிடும்போது சில உண்மைகளை மறைக்கக் கூடாது. கலத்தின் உடல்கள் ஒட்டுப்பலகையாலும் கண்ணாடி இழையாலும் ஆனவை. பாய் தாழை ஓலையன்று, துணி. துணைக் கப்பலொன்று உடன் சென்றது. கலத்துக்குள் பூசல் மூண்டதால் பியாலுக் மனம் வருந்தித் தாகித்தியிலிருந்தே ஊர் திரும்பினார். ஹவாய்க்குத் திரும்பிய பயணம் கருவிகளைக் கொண்டே நடந்தது. 1978இல் இரண்டாம் முயற்சியில் கலம் கவிழ்ந்தது. உதவி தேடி அலைப்பலகையில் துடுப்பிட்டுச் சென்ற எட்டி ஐக்காவ் திரும்பவில்லை.

ஃபின்னி தம் நூல்களில் இக்குறைகளை ஒளிக்கவில்லை. வடிவமும் எடையும் ஓடும் திறனுமே முக்கியம், பொருள் அன்று என்பது அவர் வாதம். அது ஓரளவே சரி. ஒட்டுப்பலகை உடல் தைத்த கலம்போல் கசியாது. துணிப்பாய் நனைந்த ஓலைப்பாய்போல் கனக்காது, கிழியாது. எனவே 1976 பயணம் நிறுவியது வழி காணும் கலையையே. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கலத்தின் வேகத்தையோ எதிர்காற்றில் ஏறும் திறனையோ அன்று.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பியாலுக் மீண்டும் வந்தார். தம் மரபில் வெளியாருக்குக் கற்பிக்காத அறிவை ஹவாய் இளைஞரான நைனோவா தாம்சனுக்குக் கற்பித்தார். 1980இல் தாம்சன் தாகித்திக்குச் சென்று திரும்பினார், கருவி இல்லாமல். 1986இல் சமோவாவிலிருந்து தாகித்திக்குக் கிழக்கு நோக்கிய பயணத்தில், மேற்குக் காற்று வரும்வரை காத்திருந்து அதைப் பிடித்துச் சென்றனர். துபாயா குக்கிடம் சொன்னது இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கடலில் சரிபார்க்கப்பட்டது. தனித்த ஒரு பயணத்தை விட இத்தொடர்ச்சியே வலுவான சான்று.

ஆண்டர்சனின் மறுப்பு

தொல்லியலாளர் அதோல் ஆண்டர்சன், ஹோகுலேயாவைப் போன்ற புத்துருவாக்கங்கள் பழைய கலங்களின் திறனை மிகைப்படுத்துகின்றன என வாதிட்டு வருகிறார். எதிர்காற்றில் நன்கு ஏறும் பாய்கள் தொடக்கக் குடியேற்றக் காலத்தில் கிழக்குப் பொலினீசியாவில் இருந்ததற்குச் சான்றில்லை என்பது அவர் நிலைப்பாடு. அவ்வாறாயின் குடியேற்றம் எப்படி நிகழ்ந்தது? 2014இல் குட்வின், பிரவுனிங் ஆகியோருடன் இணைந்து எழுதிய ஆய்வில், குடியேற்ற நூற்றாண்டுகளில் காற்றின் போக்கு சில காலங்களில் மாறியிருந்தது, அப்போது காற்றோடு சென்றே தொலைதூரத் தீவுகளை அடைந்திருக்கலாம் என்று விளக்கினார்.

இதற்கு மாறாக ஜெஃப்ரி இர்வின் 1992இல் வெளியிட்ட நூலில் வேறொரு தர்க்கத்தை முன்வைத்தார். எதிர்காற்றில் தேடிச் செல்பவனுக்கு ஒரு நன்மை உண்டு. நிலம் கிடைக்காவிட்டால் காற்றோடு எளிதில் வீடு திரும்பலாம். காற்றோடு தேடிச் செல்பவனுக்கே திரும்பும் வழி அடைபடும். ஆகவே குடியேற்றம் கிழக்கு நோக்கி நடந்தது புதிரன்று. அதுவே பாதுகாப்பான வழி. கரைமீனவர் எவருக்கும் இது உடனே விளங்கும்.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று முழுதும் விலக்குவதில்லை. ஹோகுலேயாவே காற்றுத் திசையிலிருந்து ஏறத்தாழ 75 பாகை அளவில்தான் ஏறிச்செல்லும். இன்றைய பந்தயப் படகோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. நண்டுக்கொடுக்குப் பாயைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த பொறியியலாளர் சிலர் அது வியக்கத்தக்க விசை தருவதாகக் கண்டனர். இச்செய்தி இணையத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் சுரங்கத்தில் வைத்தது சிறிய மாதிரி. கடலில் நனைந்து தொய்ந்த ஓலைப்பாய் அன்று. இவ்வகைப் பாயைத் தாழையிலேயே முடைந்து ஓட்டும் மரபு சாலமன் தீவுகளின் தௌமாக்கோவில் 1990களில் தலைவர் கவெயாவின் முயற்சியால் மீட்கப்பட்டது. ஆய்வுக்கூட எண்களை விட அத்தகைய கலங்களின் நீண்டகாலப் பயன்பாடே உறுதியான விடை தரக்கூடும்.

ஹார்னெல்லும் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லும்

ஓசியானியக் கலங்கள் பற்றிய அடிப்படை நூல், ஹாட்டன், ஹார்னெல் இருவரும் 1936 முதல் 1938 வரை மூன்று தொகுதிகளாக ஹொனலூலுவில் வெளியிட்ட ‘கெனூஸ் ஆஃப் ஓசியானியா’. பொலினீசியா பற்றிய முதல் தொகுதியை எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் அதற்கு முன் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். தமிழகக் கரையின் கலங்களை நேரில் ஆராய்ந்து, இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் பக்கமிதவைக் கலங்கள் கிழக்கிலிருந்து வந்த செல்வாக்கைக் காட்டுகின்றன என்பது அவர் கருத்து. கலத்தின் ஒவ்வொரு கழியையும் முடிச்சையும் பதிவுசெய்த அவரது உழைப்பு ஈடில்லாதது. ஆனால் வடிவ ஒற்றுமையிலிருந்து இன வரலாற்றுக்கு உடனே தாவும் அக்காலப் போக்கு அவரிடமும் உண்டு. அவரது வரைபடங்களை நம்பலாம். முடிவுகளைச் சரிபார்த்தே ஏற்க வேண்டும்.

இதே தாவலைத் தலைகீழாகச் செய்யும் வழக்கம் இன்று தமிழ் இணையத்தில் உள்ளது. இரட்டை உடல் கொண்ட கலத்தை ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறார்கள். அது கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல். எனவே பொலினீசிய இரட்டைக் கலம் தமிழர் கண்டுபிடிப்பு என்று வாதிடப்படுகிறது. முதல் இரு கூற்றுகளும் உண்மை. மூன்றாவது அவற்றிலிருந்து பிறப்பதில்லை. கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அதற்குக் குடைந்த உடல் கிடையாது. நீர் அதன் ஊடாகவே புகுந்து வெளியேறும். கரை சேர்ந்ததும் அவிழ்த்துக் காய வைக்கலாம். சோழமண்டலக் கரையில் இச்சொல்லை ஆங்கிலேயர் கேட்டனர். 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயணநூலில் இது இடம்பெறுகிறது. அமெரிக்கரான ஹெரஷாஃப் 1876இல் அமரில்லிஸ் என்னும் இரட்டை உடல் படகை ஓட்டிய காலத்தில் அச்சொல் அவ்வகைப் படகுக்குப் பெயராக நிலைத்துவந்தது. சொல் பயணம் செய்தது, கலம் செய்யவில்லை.

இப்பிழை ஹெயர்டாலின் பிழைக்கு உறவு. அவர் பொலினீசியரின் சாதனையைத் தாடி வைத்த வெள்ளையருக்குக் கொடுத்தார். இவ்வாதம் அதைத் தமிழருக்குக் கொடுக்கிறது. பறிக்கப்படுபவர் இரு இடத்திலும் ஒருவரே. அலைமோதும் கரையில் கவிழாமல் கடலேற வகுத்த கட்டுமரமே அறிவுக்கூர்மைக்குப் போதிய சான்று. அதன் பெருமைக்கு இன்னொருவர் கலம் தேவையில்லை.

மதிப்பீடு

மேற்கண்ட நிலைப்பாடுகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, பொலினீசியர் திசையறிந்து, திட்டமிட்டுத் தொலைதூரத் தீவுகளுக்குச் சென்றனர் என்பது இன்று உறுதி. மொழி, பயிர், விலங்கு, மரபணு, கணினிக் கணிப்பு, மீண்டும் மீண்டும் நடந்த பயணங்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கின்றன. இரண்டாவது, அவர்கள் எந்த வடிவக் கலத்தில், எந்த வடிவப் பாயில் சென்றனர் என்பது உறுதியாகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியத்தையும் இருபதாம் நூற்றாண்டுப் புத்துருவாக்கத்தையும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு அப்படியே பொருத்துவது தவறு. மூன்றாவது, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு தரப்பு மிகையாகப் புகழ்கிறது, மறுதரப்பு மிகையாக மறுக்கிறது.

ஹோகுலேயாவின் மதிப்பை அறிவியல் சோதனையாக மட்டும் அளப்பதும் பொருந்தாது. மரபு அறுந்துபோன ஓர் இனம் அதை அயல் தீவு ஆசான் ஒருவரிடம் கேட்டுக் கற்று, மீண்டும் தன் கையில் எடுத்துக்கொண்டதற்கு அது சாட்சி. 1990களின் தொடக்கத்தில் ஹவாய்லோவா என்னும் மரக்கலத்தைக் கட்ட முனைந்தபோது, பழங்காலத்தில் கலம் செய்ய உதவிய கோவா மரம் போதிய பருமனில் ஹவாய்க் காடுகளில் கிடைக்கவில்லை. அலாஸ்காவின் பழங்குடியினர் கொடுத்த இரு பெருமரங்களைக் கொண்டு அதன் உடல்கள் செய்யப்பட்டன. கலம் மறைந்ததற்கு அறிவு மறைந்தது மட்டுமே காரணமன்று, காடும் மறைந்தது என்பதை அத்தேடல் வெளிப்படுத்தியது.

இத்துறையில் புதிதாகப் படிக்க வருபவர் லூயிஸின் நூலிலிருந்து தொடங்கலாம். ஃபின்னியையும் ஆண்டர்சனையும் அடுத்தடுத்துப் படித்து ஒப்பிடலாம். ஹார்னெல்லின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஷார்ப்பையும் விட்டுவிடக் கூடாது. அவர் தவறிய இடத்தைக் கண்டவரே மற்றவர்கள் எங்கே மிகைப்படுத்துகிறார்கள் என்பதையும் காண முடியும்.